பலிகடா என்றால் என்ன? பழைய நூல்களில் வன்முறை

சின்ன வயதில் ஏற்காடு அடிவாரத்தில் ஒரு முனியப்பன் கோயிலுக்குக் கிடா வெட்டப் போயிருந்தோம். தாய்மாமன் வீட்டு நேர்த்திக்கடன். ஆட்டுக்கு மாலை போட்டு, நெற்றியில் மஞ்சள் பூசி, சாமிக்கு முன்னால் நிறுத்தினார்கள். பூசாரி ஒரு சொம்புத் தண்ணீரை அதன் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். எல்லோரும் ஆட்டையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஆடு சும்மா நின்றது. யாரும் அரிவாளைத் தொடவில்லை. "ஏதோ குறை இருக்குது" என்றார் ஒரு பெரியவர். மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். இன்னொரு சொம்பு ஊற்றினார்கள். இந்தத் தடவை ஆடு காதிலிருந்து வால் வரைக்கும் உடம்பைச் சிலிர்த்து உதறியது. "உத்தரவு குடுத்துருச்சு!" என்று ஒரே சத்தம். அப்புறம் நடந்ததை நான் பார்க்கவில்லை. அத்தை என் முகத்தைத் தன் சேலைப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

ஆடு சம்மதித்துவிட்டது என்றுதான் பல வருடம் நம்பிக்கொண்டிருந்தேன். முதுகில் பச்சைத் தண்ணீர் விழுந்தால் எந்த ஆடும் உதறும் என்பது பிறகுதான் உறைத்தது. அது போகட்டும். வெட்டுவது என்று முடிவாகிவிட்டது, பந்திக்கு ஆள் சொல்லியாகிவிட்டது, குழம்புக்கு மசாலாகூட அரைத்தாகிவிட்டது. இவ்வளவுக்கும் பிறகு ஆட்டிடம் எதற்கு அனுமதி?

மனித வன்முறையைப் பற்றிப் பழைய மறைநூல்கள் என்ன சொல்கின்றன என்று படிக்கத் தொடங்குகிறவர்கள் இந்தக் கேள்வி வழியாக உள்ளே போகலாம். ஏனென்றால் இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் இல்லை. பழைய கிரேக்கர்களும் பலி விலங்கின் தலையில் தண்ணீர் தெளித்தார்கள், அது தலையை ஆட்டினால் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். ரிக் வேதத்தின் முதல் மண்டலத்தில் 162ஆம் பாடல் குதிரை வேள்வியைப் பற்றியது. வேள்வியில் கொல்லப்படும் குதிரையைப் பார்த்து அந்தப் பாடல் சொல்கிறது: நீ சாகவில்லை, உனக்குக் கேடு ஒன்றும் இல்லை, நல்ல வழியில் தேவர்களிடம் போகிறாய். இந்த ஆறுதல் யாருக்கு? குதிரைக்கு மந்திரம் புரியப்போவதில்லை.

கொல்கிற மனிதன் தான் கொல்கிறான் என்பதை ஒத்துக்கொள்ளத் தயங்குகிறான். சம்மதம் வாங்குகிறான், மாலை போடுகிறான், வேறு பெயர் வைக்கிறான். இந்தக் கட்டுரையில் மற்றதெல்லாம் இதிலிருந்து கிளைவிடுகிறதுதான்.

முதலில் சொல்லைப் பார்த்துவிடலாம். ஓர் அலுவலகத்தில் பெரிய முறைகேடு நடக்கிறது. மேலே இருப்பவர்கள் தப்பிக்கிறார்கள், கீழே இருக்கும் ஓர் எழுத்தர் சஸ்பெண்ட் ஆகிறார். 'பலிகடா ஆக்கப்பட்டார்' என்று மறுநாள் பேப்பரில் வருகிறது. பலருடைய தப்பை, பயத்தை, ஆத்திரத்தை ஒருவன் தலையில் ஏற்றி, அவனை வெளியே தள்ளி, மற்றவர்கள் மூச்சுவிட்டுக்கொள்வது. கருத்து இவ்வளவுதான்.

இதன் மூலக்கதை விவிலியத்தில் லேவியராகமம் 16ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வெள்ளாட்டுக் கடாக்களைக் கொண்டுவந்து சீட்டுப் போடவேண்டும். ஒன்று கடவுளுக்குப் பலியாகும். மற்றதன் தலையில் குருவான ஆரோன் இரண்டு கைகளையும் வைத்து, மக்கள் செய்த பாவங்களை எல்லாம் வாயால் சொல்லி, அதன்மேல் ஏற்றி, ஆளில்லாத வனாந்தரத்துக்கு ஓட்டிவிடச் செய்வான். தமிழ் விவிலியத்தில் இந்த இரண்டாவது ஆட்டுக்குப் 'போக்காடு' என்று பெயர். பாவத்தைப் போக்கும் ஆடு என்றும் படிக்கலாம், போகவிட்ட ஆடு என்றும் படிக்கலாம். நல்ல சொல், ஏனோ புழக்கத்துக்கு வரவில்லை. நாம் பலிகடா என்று சொல்லும்போது வெட்டுப்பட்ட ஆடு நினைவுக்கு வருகிறது. மூலக்கதையில் ஊர்ப்பாவத்தைச் சுமப்பதோ உயிரோடு துரத்தப்பட்ட ஆடு.

ஆங்கிலத்தில் இதற்கு இன்று வழங்கும் 'ஸ்கேப்கோட்' என்ற சொல்லை உருவாக்கியவர் வில்லியம் டின்டேல், 1530இல், விவிலியத்தை மொழிபெயர்க்கும்போது. ஆறு வருடம் கழித்து, மதத்துரோகி என்று தீர்ப்பிட்டு, அவரையே கழுத்தை நெரித்துக் கொன்று எரித்தார்கள்.

இந்த ஆட்டுச் சடங்கிலிருந்து மனித சமூகம் முழுவதற்கும் ஒரு விளக்கத்தை எடுத்தவர் ரெனே ஜிரார். 1923இல் பிரான்சில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்தவர், 2015இல் காலமானார். அவர் சொன்னதைச் சேலத்து உதாரணத்தோடு சொல்லிப் பார்க்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கடைக்கு நாத்தனாரும் அண்ணியும் கொலுசு எடுக்கப் போகிறார்கள். தட்டில் நாற்பது ஜோடி கிடக்கிறது. இருவரும் உதட்டைப் பிதுக்கிக்கொண்டே புரட்டுகிறார்கள். அண்ணி ஒரு ஜோடியைக் கையில் எடுத்த அந்த நிமிடம் நாத்தனாருக்கு அதுதான் பிடிக்கிறது. கடைக்காரர் அதே டிசைனில் இன்னொன்றை எடுத்து நீட்டினாலும் மனசு ஒப்பாது. கொலுசின்மேல் வந்த ஆசையா அது? அண்ணியின் ஆசையைப் பார்த்துத் தொற்றிய ஆசை. நம் ஆசைகளில் பெரும்பாலானவை இப்படிப் பார்த்துக் கற்றவை என்கிறார் ஜிரார். ஒரே பொருளுக்கு இரண்டு கை நீளும்போது போட்டி. போட்டி முற்ற முற்றப் பொருள் மறந்துபோகிறது, எதிராளி மட்டுமே கண்ணில் நிற்கிறான். அவன் திட்டினால் இவனும் திட்டுகிறான், அவன் ஓங்கினால் இவனும் ஓங்குகிறான். வெளியிலிருந்து பார்க்கிறவனுக்கு இரண்டு பேருக்கும் வித்தியாசமே தெரியாது. இது ஊர் முழுக்கப் பரவினால் ஊர் அழியும். அழியாமல் இருக்க, எல்லோருடைய ஆத்திரமும் யாரோ ஒருவன்மேல் திரும்புகிறது. அவனை அடித்துத் துரத்தியதும், அல்லது கொன்றதும், ஊர் அமைதியாகிறது. அமைதி திரும்பியதால் 'அவன்தான் காரணம்' என்ற நம்பிக்கை உறுதியாகிறது. சில காலம் கழித்து, அந்த அமைதியைக் கொடுத்தவன் என்று அவனையே கும்பிடவும் தொடங்குகிறார்கள்.

கடைசி வரி வெளிநாட்டுக்காரர்களுக்கு வேண்டுமானால் புதுசாக இருக்கலாம். மதுரைவீரனையும் காத்தவராயனையும் கும்பிடுகிற நமக்கு இல்லை. மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன் ஒருவன், கழுவேறியவன் ஒருவன். கொல்லப்பட்டவர்கள் சாமியாக நிற்கும் கோயில்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ.

சரி, இதெல்லாம் பழைய நூல்களில் எங்கே இருக்கிறது? முதல் பக்கத்திலேயே. விவிலியத்தின் முதல் நூலான ஆதியாகமத்தில் நடக்கும் முதல் கொலை அண்ணன் தம்பிக்குள். இருவரும் காணிக்கை கொண்டுவருகிறார்கள், தம்பி ஆபேலின் காணிக்கை ஏற்கப்படுகிறது, அண்ணன் காயீனுடையது ஏற்கப்படவில்லை. காயீனுக்கு வயலும் விளைச்சலும் இருந்தது, குறை ஒன்றும் இல்லை. தம்பிக்குக் கிடைத்த பார்வை தனக்குக் கிடைக்கவில்லை என்பதற்காகக் கொல்கிறான். கொடூரனைத் தேடி எங்கேயும் போகாதே, வீட்டுக்குள் பார் என்று அந்தக் கதை தொடங்குகிறது.

நம்மிடம் இதற்குச் சொல்லே உண்டு: பங்காளி. பங்கு போட்டுக்கொள்கிறவன் பங்காளி, சண்டைக்கு வருகிறவனும் பங்காளி. யாருக்கு நம்மோடு சரிபாதி உரிமையோ அவனோடுதான் வரப்புத் தகராறு. மகாபாரதம் எவ்வளவு பெரிய நூலாக இருந்தாலும் அடியில் ஒரு பங்காளிச் சண்டை. துரியோதனனுக்கு அத்தினாபுரம் இருந்தது. இந்திரப்பிரத்தத்துக்குப் போய்ப் பாண்டவர்களின் மண்டபத்தைப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் அவனுக்குச் சோறு இறங்கவில்லை, தூக்கம் போனது.

ஆனால் பாரதத்தில் இந்தப் பாடத்தை எனக்கு நன்றாகப் புரியவைத்தவர்கள் துரோணரும் துருபதனும். எடப்பாடி, ஓமலூர் பக்கம் தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இவர்கள் தெரிந்த ஆட்கள்தான். கதையை வரிசையாக வைத்துப் பாருங்கள். இருவரும் குருகுலத்தில் கூட்டாளிகள். துருபதன் அரசனானதும், ஏழையாக வந்து நட்புச் சொல்லி நின்ற துரோணரை 'உனக்கும் எனக்கும் என்ன நட்பு' என்று அவமானப்படுத்துகிறான். துரோணர் தன் சீடர்களை விட்டுத் துருபதனைக் கட்டி இழுத்துவரச் செய்து பாதி நாட்டைப் பிடுங்கிக்கொள்கிறார். துருபதன் துரோணரைக் கொல்ல ஒரு மகன் வேண்டும் என்று வேள்வி செய்கிறான், திருட்டத்துய்மன் பிறக்கிறான். போரில், 'அசுவத்தாமன் செத்தான்' என்ற செய்தியைக் கேட்டு ஆயுதத்தைக் கீழே வைத்த துரோணரின் தலையை அவன் வெட்டுகிறான். செத்தது துரோணரின் மகன் இல்லை, அதே பெயருள்ள யானை. அப்பனை இப்படிக் கொன்றதற்காக, போர் முடிந்த இரவில் அசுவத்தாமன் பாசறைக்குள் புகுந்து, தூங்கிக்கொண்டிருந்த திருட்டத்துய்மனையும் பாஞ்சாலியின் ஐந்து பிள்ளைகளையும் கொல்கிறான். இதில் ஒவ்வொருவனுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. 'அவன்தான் ஆரம்பித்தான்' என்று ஒவ்வொருவனும் சொல்லலாம். சொன்னால் பொய்யும் இல்லை.

அத்தோடும் முடியவில்லை. முப்பத்தாறு வருடம் கழித்து, கண்ணனின் குலத்தாரான யாதவர்கள் கடற்கரையில் குடித்துக்கொண்டிருக்கும்போது, 'தூங்குகிறவனைக் கொன்றவன்தானே நீ' என்று சாத்தியகி கிருதவர்மனைக் குத்திக்காட்டுகிறான். அசுவத்தாமனோடு அந்த இரவு போனவன் கிருதவர்மன். 'கை அறுந்து உட்கார்ந்திருந்த பூரிசிரவசை வெட்டியவன் நீ' என்று அவன் திருப்பிக் கொடுக்கிறான். அடிதடியில் கோரைப்புல் உலக்கையாகிக் குலமே அழிகிறது. ஒரு பழைய கூட்டாளி கேட்ட அவமானச் சொல்லில் தொடங்கியது எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

அந்த இரவுக் கொலைக்கு முன் ஒரு சின்னக் காட்சி. அசுவத்தாமன் ஆலமரத்தடியில் தூக்கமில்லாமல் கிடக்கிறான். மரத்தில் தூங்கும் காக்கைகளை ஓர் ஆந்தை வந்து ஒவ்வொன்றாகக் கொல்கிறது. அதைப் பார்த்ததும் அவனுக்கு வழி புலப்படுகிறது. திருக்குர்ஆனில் ஐந்தாம் அத்தியாயத்தில் ஆதமின் இரண்டு மகன்களின் கதை வருகிறது. அண்ணன் தம்பியைக் கொன்றுவிட்டு உடலை என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கிறான். ஒரு காக்கை வந்து மண்ணைக் கிளறிக் காட்டுகிறது, அதைப் பார்த்துப் புதைக்கக் கற்கிறான். ஒரு நூலில் பறவையைப் பார்த்துக் கொல்லக் கற்கிறான், இன்னொன்றில் பறவையைப் பார்த்து அடக்கம் செய்யக் கற்கிறான். மனிதன் பார்த்துச் செய்கிற பிராணி என்பதை இரண்டு நூலும் தெரிந்துவைத்திருக்கின்றன.

சங்கப் பாட்டு மறைநூல் ஆகாது, ஆனாலும் புறநானூறு 45ஐ இங்கே சொல்லாமல் விட மனசு வரவில்லை. நலங்கிள்ளி உறையூரை முற்றுகையிட்டிருக்கிறான், உள்ளே அடைபட்டிருப்பவன் நெடுங்கிள்ளி. இருவரும் சோழர்கள். நடுவில் போய் நின்று புலவர் கோவூர்கிழார் சொல்கிறார்: உன்னோடு சண்டை போடுகிறவன் பனம்பூ சூடிய சேரன் இல்லை, வேப்பம்பூ சூடிய பாண்டியனும் இல்லை. நீ சூடியிருப்பதும் ஆத்தி, அவன் சூடியிருப்பதும் ஆத்தி. "ஒருவீர் தோற்பினும் தோற்ப நும் குடியே." சண்டைக்காரர்கள் ஒருவரையொருவர் போலவே ஆகிவிடுகிறார்கள் என்று ஜிரார் பக்கம் பக்கமாக எழுதியதற்கு இந்த ஆத்திப்பூ போதும்.

பங்காளிகள் பிரிந்துபோய் நல்லபடியாக இருந்த கதையும் உண்டு. எங்கள் சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்கள் பூர்வீகத்தைச் சொல்லும்போது, காஞ்சிபுரத்திலிருந்து அண்ணன் தம்பிகள் மூவர் வந்ததாகவும், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று ஆளுக்கொரு மலையாகப் போனதாகவும் சொல்வார்கள். ஆதியாகமம் 13இலும் இதே யோசனை. மேய்ப்பர்களுக்குள் தகராறு வந்ததும் ஆபிரகாம் தன் சகோதரன் மகன் லோத்தைக் கூப்பிட்டு, நீ இடதுபுறம் போனால் நான் வலதுபுறம் போகிறேன் என்கிறார். மூத்தவர் அவர். முதலில் தேர்ந்தெடுக்கும் உரிமையை இளையவனுக்கு விட்டுக்கொடுத்ததுதான் அங்கே சண்டையை நிறுத்தியது. ஏற்காட்டு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும்போது, எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்கவேண்டியிருக்கும். அப்போதெல்லாம் எனக்கு லோத்து ஞாபகம்.

பழிவாங்குதலின் கணக்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காயீனின் வம்சத்தில் வந்த லாமேக்கு, தன்மேல் கை வைத்தால் எழுபத்தேழு மடங்கு பழி என்று மனைவிகளிடம் பெருமை பேசுகிறான். பிறகு யாத்திராகமம் 'கண்ணுக்குக் கண்' என்கிறது. நாம் இதைக் கொடூரச் சட்டம் என்று நினைக்கிறோம். எழுபத்தேழுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இது ஒரு கடிவாளம்: ஒரு கண்ணுக்கு ஒரு கண்தான், அதற்குமேல் கேட்காதே. இயேசுவிடம் பேதுரு, தப்பு செய்கிறவனை ஏழு தடவை மன்னித்தால் போதுமா என்று கேட்கும்போது 'ஏழெழுபதுதரம்' என்று பதில் வருகிறது. லாமேக்கின் கணக்கையே மறுபக்கம் திருப்பிப் போட்டதுபோல. பௌத்த நூலான தம்மபதத்தின் ஐந்தாம் பாட்டு பகை பகையால் தணிவதில்லை என்கிறது. வள்ளுவர் இதில் கொஞ்சம் குறும்புக்காரர். தீமை செய்தவனைத் தண்டிக்க வழி சொல்கிறார்: "அவர்நாண நன்னயம் செய்து விடல்." வெட்கப்பட வைத்துவிடு, அது போதும்.

இனிப் பலிக்கு வருவோம். ஆபிரகாம் மகனைப் பலியிடப் போகிறார். நெருப்பு இருக்கிறது, கட்டை இருக்கிறது, ஆட்டுக்குட்டி எங்கே அப்பா என்று பையன் கேட்கிறான். கடைசியில் மகனுக்குப் பதில் ஆட்டுக்கடா. பக்ரீத் நினைவுகூர்வதும் இப்ராஹிமின் இந்தத் தியாகத்தைத்தான். இதேபோல ஒரு கதை ஐதரேய பிராமணம் என்ற வேத வேள்வி நூலிலும் இருக்கிறது. நமக்குத் தெரிந்த அரிச்சந்திரன் பொய்யே பேசாதவன். இந்தப் பழைய கதையில் அவன் வருணனுக்குத் தன் மகனைப் பலி தருவதாக வேண்டிக்கொண்டு, பிறந்ததும் பல்லு முளைக்கட்டும், பல்லு விழட்டும் என்று சாக்குச் சொல்லிக்கொண்டே போகிறான். கடைசியில் மகனுக்குப் பதிலாக ஓர் ஏழை அந்தணனின் பிள்ளையை நூறு பசு கொடுத்து வாங்குகிறார்கள். அந்த அப்பனுக்கு மூன்று பிள்ளைகள். மூத்தவனை அவன் தரமாட்டான், கடைக்குட்டியை அம்மா தரமாட்டாள், நடுப்பிள்ளை சுனச்சேபன் போகிறான். (நானும் நடுப்பிள்ளை. இந்த இடத்தைச் சாதாரணமாகக் கடக்க முடியவில்லை.) கம்பத்தில் கட்ட யாரும் முன்வராதபோது அந்த அப்பனே இன்னொரு நூறு பசுவுக்குக் கட்டுகிறான். வெட்ட ஆள் இல்லாதபோது மூன்றாவது நூறுக்குக் கத்தியைத் தீட்டிக்கொண்டு வருகிறான். பையன் தேவர்களைத் துதித்துப் பாடப் பாடக் கட்டு அவிழ்கிறது. பலியாகப் போகிறவனுக்கு வாய் கொடுத்துவிட்டால் கயிறு நிற்காது.

ரத்தப் பலியைப் பற்றியே பழைய நூல்களில் உள்ள சந்தேகமும் கவனிக்கவேண்டியது. 'பலியை அல்ல, இரக்கத்தையே' என்கிறார் விவிலியத் தீர்க்கதரிசி ஓசேயா. பலியின் இறைச்சியோ ரத்தமோ இறைவனை அடைவதில்லை, உங்கள் பக்திதான் அடைகிறது என்கிறது குர்ஆன் 22ஆம் அத்தியாயம். "அவிசொரிந் தாயிரம் வேட்டலின் ஒன்றன் உயிர்செகுத் துண்ணாமை நன்று" என்கிறது குறள். சட்டம் போட்டு நிறுத்துவது வேறு விஷயம். கோயில்களில் உயிர்ப்பலியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1950இலேயே சட்டம் வந்தது. 2003இல் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தச் சொன்னார்கள், 2004இல் சட்டத்தையே நீக்கிவிட்டார்கள்.

அடுத்தது கூட்டம். இதில் நம்முடைய சிலப்பதிகாரத்தைவிடக் கூர்மையான சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை. கோவலன் கதை எல்லோருக்கும் தெரியும். ஒரு பொற்கொல்லன் பொய் சொன்னான், பாண்டியன் விசாரிக்காமல் கொன்றான், கண்ணகி நியாயம் கேட்டாள், "யானோ அரசன் யானே கள்வன்" என்று சொல்லி அரசன் விழுந்து செத்தான். மதுரை எரிந்தது. பள்ளிக்கூடத்தில் இத்தோடு மணி அடித்துவிடும். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று? நூலின் முன்னால் உள்ள உரைபெறு கட்டுரை சொல்கிறது: பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, வறுமை வந்தது, வெப்பு நோயும் அம்மையும் தொடர்ந்தன. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் "பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று களவேள்வியால் விழவொடு சாந்தி செய்ய", மழை பெய்தது, நோயும் துன்பமும் நீங்கின.

ஆயிரம் பேர். பொய் சொன்னவன் ஒருவன். விசாரிக்காமல் ஓர் உயிரைக் கொன்றதற்காக ஓர் அரசன் செத்தான் என்று சொன்ன அதே கதையில், விசாரணையே இல்லாமல் ஆயிரம் பேரைக் கொன்ற அடுத்த அரசனுக்கு மழை பெய்கிறது. ஊருக்கு நோய், கூட்டத்துக்குப் பயம், தொழிலாலும் குலத்தாலும் அடையாளம் தெரிகிற ஒரு சிறு கூட்டம், கொலை, அமைதி. ஜிரார் சொன்ன வரிசை அப்படியே இருக்கிறது. செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிப் பட்டறைகள் இருக்கும் சந்தில் போகும்போது, உள்ளே சுத்தியல் தட்டும் சத்தம் கேட்கும்போது, அந்த 'ஆயிரவர்' என்ற சொல் எனக்கு வேறு மாதிரி கேட்கிறது. அந்த ஆயிரம் பேரில் ஒருவன் பெயர்கூட நமக்குத் தெரியாது. அவர்கள் வீட்டுப் பெண்கள் சிலம்பை எடுத்துக்கொண்டு எந்த வாயிலுக்குப் போவார்கள்?

ஜிராரின் வாதத்தில் முக்கியமான இடம் இதுதான். தொன்மங்கள் கூட்டத்தின் பக்கமிருந்து சொல்லப்படுகின்றன: அவன் குற்றவாளி, கொன்றோம், மழை வந்தது. சில மறைநூல்கள் செத்தவன் பக்கம் போய் நிற்கின்றன. ஆபேல் செத்தபின் கடவுள் காயீனிடம், "உன் சகோதரனுடைய இரத்தத்தின் சத்தம் பூமியிலிருந்து என்னை நோக்கிக் கூப்பிடுகிறது" என்கிறார். விவிலியத்தின் யோவான் நூலில், ஒரு பெண்ணைக் கல்லெறிந்து கொல்லக் கூட்டிவருகிறார்கள். பாவமில்லாதவன் முதல் கல்லை எறியட்டும் என்கிறார் இயேசு. கல்லெறிதலில் முதல் கல்தான் கஷ்டம். அதற்கு முன்மாதிரி இல்லை. இரண்டாவது கல்லுக்கு முதல் கல் துணை, பத்தாவது கல்லுக்கு ஒன்பது துணை. அவர் அந்த முதல் கல்லைப் பிடித்துக்கொண்டார். பிறகு நடந்ததும் ஒருவரைப் பார்த்து ஒருவர் செய்ததுதான்: பெரியவர்கள் முதலில் போனார்கள், அவர்களைப் பார்த்துச் சிறியவர்களும் போனார்கள். பின்னால் இயேசுவையே கொல்ல முடிவாகும்போது, ஜனங்களுக்காக ஒரு மனிதன் சாவது நல்லது என்று தலைமைக் குரு கணக்குச் சொல்கிறார். அதுவரை பகையாக இருந்த ஆட்சியாளர்கள் ஏரோதும் பிலாத்தும் அன்றைக்குச் சிநேகிதரானார்கள் என்று லூக்கா ஒரே வரியில் எழுதிவிட்டுப் போகிறார். பொது எதிரி கிடைத்ததும் பழைய பகை தீர்வதை எந்தத் தெருவிலும் பார்க்கலாம்.

செத்தவன் பக்கம் நிற்பது யூத, கிறிஸ்தவ நூல்களின் தனிச் சிறப்பு என்று ஜிரார் நெடுங்காலம் வாதாடினார். கடைசிக் காலத்தில் வேத வேள்வி நூல்களையும் எடுத்துப் பேசினார். அவரோடு எனக்கு இந்த இடத்தில் ஒத்துப்போகவில்லை. பாரதத்தில் போர் முடிந்ததும் பெண்களுக்கென்றே ஒரு பருவம் இருக்கிறது. காந்தாரி களத்தில் ஒவ்வொரு உடலாகக் காட்டி அழுகிறாள், தன் பிள்ளையை மட்டும் இல்லை, எதிரி வீட்டுப் பிள்ளை அபிமன்யுவையும். வென்றவர்கள் பக்கம் நின்ற கண்ணனைச் சபிக்கிறாள், அவனும் அதை ஏற்கிறான். குர்ஆனில் கொல்லப்படும் தம்பி, 'நீ என்னைக் கொல்லக் கை நீட்டினாலும் நான் உன்னைக் கொல்லக் கை நீட்டமாட்டேன்' என்கிறான். சிலப்பதிகாரமேகூட, ஆயிரம் என்ற எண்ணை மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது.

'இந்த நூல்களைச் சொல்லித்தானே வெட்டிக்கொள்கிறார்கள்?' என்று யாராவது கேட்டால் அது நியாயமான கேள்வி. அமலேக்கியர் என்ற இனத்தாரைக் குழந்தைகள் உட்படக் கொல்லச் சொல்லும் கட்டளை விவிலியத்தில் இருக்கிறது. காண்டவ வனத்தை அதில் வாழும் உயிர்களோடு எரித்ததைப் பாரதம் வீரமாகப் பாடுகிறது. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் எழுதிய வள்ளுவரே, கொடியவரைக் கொலைத்தண்டனையால் அரசன் ஒறுப்பது பயிருக்குக் களை எடுப்பதுபோல என்கிறார். எனக்கு அந்த உவமை பிடிக்காது. ஒரு மனிதனைக் களை என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் பிடுங்குவது எளிதாகிவிடுகிறது. இந்த நூல்களை ஆஸ்பத்திரியில் கட்டில் தலைமாட்டில் தொங்கும் காய்ச்சல் அட்டைபோலப் படிக்கலாம். எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பது அதில் இருக்கும். மேலே சொன்னவை எல்லாம் காய்ச்சல் உச்சத்தில் இருந்த நாட்கள்.

எங்கள் ஊர் அட்டையிலும் அப்படி ஒரு நாள் உண்டு. 1882இல் சேலத்தில் இந்து முஸ்லிம் கலவரம் நடந்தது. அது அடங்கியதும், தூண்டிவிட்டவர் என்று வழக்கறிஞர் சி. விஜயராகவாச்சாரியாரைப் பிடித்தார்கள். பத்து வருடச் சிறைத் தண்டனை. சென்னை உயர்நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்து விடுதலையானார். அவர் பின்னாளில், 1920இல், நாக்பூர் காங்கிரசுக்குத் தலைமை தாங்கியவர். அவருக்குச் சட்டம் தெரியும், வாதாட வாய் இருந்தது, கட்டு அவிழ்ந்தது. சுனச்சேபன் கதைதான்.

கடைசியாக ஓர் இடம். சேலம் கோட்டை ரோட்டில் பெரியேரியில் தலைவெட்டி முனியப்பன் என்று ஒரு கோயில். அங்கே இருக்கும் சிலை யாருடையது என்ற வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்துக்குப் போனது. தொல்லியல் துறையினர் பார்த்தார்கள். தாமரைப் பீடம், சம்மணமிட்டு உட்கார்ந்த நிலை, மடியில் தியானத்தில் வைத்த கைகள். தலை ஒரு காலத்தில் துண்டாகி, பிறகு சிமெண்டும் சுண்ணாம்பும் வைத்து ஒட்டியிருக்கிறார்கள். அது புத்தர் சிலை என்று 2022இல் நீதிமன்றம் ஏற்று, தொல்லியல் துறையிடம் ஒப்படைக்கச் சொன்னது. இதே சேலம் மாவட்டத்தில் ஆத்தூர்ப் பக்கம் தியாகனூரிலும் பெரிய புத்தர் சிலைகள் உண்டு, அவை புத்தராகவே இருக்கின்றன.

எனக்கு அந்தப் பெயர்மேல்தான் கண். விறகுவெட்டி என்றால் விறகை வெட்டுகிறவன். பாக்குவெட்டி என்றால் பாக்கை வெட்டுவது. மண்வெட்டி மண்ணை வெட்டும். அப்படியானால் தலைவெட்டி என்றால்? வெட்டுப்பட்டது அவர் தலை. கையில் ஆயுதம் இல்லை, இரண்டு கையும் மடியில். வெட்டியவனுக்குப் பெயர் இல்லை. வெட்டுகிறவன் என்ற பெயர் அவருக்கு.